மலைச்சிக்கு வந்த சீனி

கம்பத்தில் எங்கள் எதிர்வீட்டில் இருந்த ஜீப் டிரைவர் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் அதை இரண்டு முறை சுற்றி வருவார். ஒரு முறை இடமிருந்து, ஒரு முறை வலமிருந்து. டயரை உதைத்துப் பார்ப்பார். மண்டி போட்டு அடியில் எண்ணெய் ஒழுகியிருக்கிறதா என்று பார்ப்பார். ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்ப்பார்.

"நேத்து சாயந்தரம்தான பாத்தீக?" என்று அவர் மனைவி வாசல் தெளித்துக்கொண்டே கேட்பார்.

"ராத்திரி முழுக்க அது என்ன செஞ்சுச்சுன்னு யாருக்குத் தெரியும்?" என்பார் அவர்.

கம்பம் மெட்டு மலை ரோட்டில் ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிப்போய், வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவது அவர் தொழில். மற்ற டிரைவர்கள் பாட்டைப் போட்டுவிட்டு ஒரு கையால் வளைவு திருப்புவார்கள். இவர் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வண்டியை ஏறக்குறைய நிறுத்தி, மூன்று ஹாரன் அடித்து, கழுத்தை வெளியே நீட்டிப் பார்த்து, பிறகுதான் திருப்புவார். ஜீப் ஸ்டாண்டில் அவருக்கு 'ஆமை' என்று பேர். ஆனால் பெண்கள் அவர் வண்டிக்குத்தான் காத்து நிற்பார்கள். "அவுக வண்டில போனா பொழுது போகும், உசுரு போகாது" என்பது அவர்கள் பேச்சு.

மெட்டு ரோட்டுக்கு மட்டும் பயப்பட்டிருந்தால் அதைத் திறமை என்று சொல்லலாம். மனிதர் எல்லாவற்றுக்கும் பயந்தார். ரப்பர் செருப்பு போடாமல் சுவிட்சைத் தொட மாட்டார். இடி இடித்தால் நடுவீட்டில் பலகை போட்டு உட்கார்ந்துகொள்வார். செல்போன் தெருவுக்கு ஒன்றிரண்டு வந்திருந்த சமயம் அது. யார் வீட்டில் மணி அடித்தாலும் இவருக்கு முகம் வெளுத்துவிடும். "நல்ல சேதி நடந்து வரும் தாயி. கெட்ட சேதிக்குத்தான் போன் வேணும்" என்பார். ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே தோளைத் தடவிக்கொள்வார். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. தினமும் முப்பது பேருக்கு ஊசி குத்திக்கொண்டிருந்ததால் உலகத்தில் எனக்குத் தெரியாதது இல்லை என்று நினைப்பு. பயந்தவர்களைக் கண்டால் எரிச்சல் வரும். அவரைக் கேலி செய்வதில் ஸ்டாண்டுக்காரர்களுக்கு நான் சளைத்தவள் இல்லை.

ஆனால் ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. சாயந்தரம் அவர் வண்டியை நிறுத்துவது எங்கள் மாடியிலிருந்து தெரியும். இறங்கும்போது அவர் கைகள் இரண்டும் ஆடும். பகல் முழுக்க ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து உள்ளே அடக்கி வைத்ததெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். காம்பவுண்டுச் சுவரில் அவருடைய பூனை உட்கார்ந்திருக்கும். அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நிற்பார். ஐந்து நிமிஷம் போல. பிறகு கை நின்றுவிடும், உள்ளே போவார். "மொதல்ல அவ, பெறகுதான் காப்பி" என்று மதினி அடுப்படியிலிருந்து சொல்வார். அவர் மனைவியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன்.

பூனையின் பெயர் மலைச்சி. குட்டியாக இருந்தபோது ஏலக்காய்ச் சாக்குக்குள் ஒளிந்து மெட்டிலிருந்து இறங்கி வந்தது என்பதால் அந்தப் பெயர். உடம்பு முழுக்க புலிக்கு இருப்பது போல வரி. நெத்திலிக் கருவாடும் அயிரை மீனும் தின்று நன்றாக உருண்டு திரண்டிருந்தது.

ஓர் ஐப்பசி மாதக் காலையில் அவர் எங்கள் லேபுக்கு வந்தார். இருமல் மருந்துப் பாட்டிலைக் கழுவி அதில் கொஞ்சம் மூத்திரம் கொண்டு வந்திருந்தார். "சீனி இருக்கான்னு பாக்கணும்."

"உங்களுதாண்ணே?"

"இல்ல, வீட்டுல" என்றார் கீழே பார்த்துக்கொண்டு.

நீல மருந்தில் சில சொட்டு விட்டுக் காய்ச்சினேன். சீனி இல்லாவிட்டால் நீலம் நீலமாகவே இருக்கும். இது பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. அவ்வளவு சீனியை வைத்துக்கொண்டு மதினி எப்படி நடமாடுகிறார் என்று எனக்கே பகீரென்றது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது அவர் வீட்டுக்குப் போய், கையைப் பிடித்து, "மதினி, பயப்படாதீக, இப்பெல்லாம் நல்ல மாத்திரை இருக்கு" என்று ஆரம்பித்தேன்.

மதினி சிரித்த சிரிப்பில் அரிவாள்மனையை விட்டு எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. "எனக்கில்ல தங்கச்சி. இவளுக்கு."

தண்ணீர்த் தொட்டியே கதி என்று மலைச்சி பத்து நாளாகக் குடித்துக்கொண்டே இருந்ததாம். தின்பது குறையவில்லை, உடம்பு மட்டும் குறைந்தது. கொல்லையில் அது போன இடத்தில் எறும்பு மொய்ப்பதை மதினிதான் முதலில் பார்த்திருக்கிறார். மனுஷருக்கு எறும்பு மொய்த்தால் என்ன என்று ஊருக்கே தெரியும். டிரைவர் இரண்டு நாள் குழம்புக் கரண்டியை வைத்துக்கொண்டு பூனைக்குப் பின்னால் அலைந்து பிடித்ததைத்தான் நான் காய்ச்சியிருக்கிறேன்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மனுஷர்களுக்குக் காய்ச்சும் குழாய் அது. சாயந்தரம் வரட்டும், கேட்டுவிடலாம் என்று மாடியிலேயே நின்றேன். வண்டி வந்தது. நான் இறங்கிப் போவதற்குள் அவரே கீழே இருந்து கேட்டார். "சீனி வந்தா எத்தன நாள் தாயி இருக்கும்?"

பூனை கையில் இருந்தது. ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று, கை ஆட்டம் நிற்கவில்லை. நான் பேச வந்ததை மறந்துபோனேன். அந்த மனிதருக்குப் பயத்தை இறக்கி வைக்க இருந்த ஒரே இடம் அந்தப் பூனைதான். அது போய்விட்டால் அவர் மறுநாள் எப்படி மெட்டு ஏறுவார் என்று எனக்குப் புரியவில்லை. அந்த வண்டியில் எங்கள் தெருப் பெண்களே ஆறு பேர் போய்க்கொண்டிருந்தார்கள்.

உள்ளூர் மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார், பூனைச் சீனிக்கு அவர் வைத்தியம் செய்ததில்லை என்று. மலை மேலே கேரளப் பக்கம் தோட்ட முதலாளிகளின் நாய்களைப் பார்க்கும் ஒரு டாக்டரம்மா இருக்கிறார், அங்கே போங்கள் என்றார். துணைக்கு நானும் போனேன். அந்தம்மா மலைச்சியின் காதில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "சாரமில்ல" என்றார். பரவாயில்லை என்று தமிழிலும் சொன்னார். இன்சுலின் ஊசி, ஒரே ஒரு யூனிட். காலையும் மாலையும் பிடரித் தோலைத் தூக்கிப் போட வேண்டும். சாப்பிட்ட பிறகு போட வேண்டும், நேரம் தவறக் கூடாது, சீனியைக் கண்ணிலேயே காட்டக் கூடாது.

"யாரு போடுறது?" என்று இவர் கேட்டார்.

"நிங்கள் தன்னே, நீங்கதான்" என்றார் அந்தம்மா.

திரும்பி வரும் வழியெல்லாம் வளைவுக்கு மூன்று ஹாரன் ஐந்தாகிவிட்டது.

வீட்டில் பிரிட்ஜ் இல்லை. மண்பானையில் ஈர மணல் போட்டு மருந்தை அதில் வைத்தார். தண்ணீர் நிரப்பிய ஊசியால் கத்தரிக்காயில் பழகச் சொன்னேன். மூன்று நாள் பழகினார். அந்த மூன்று நாளும் ஊசி போட்ட கத்தரிக்காயில்தான் புளிக்குழம்பு என்று மதினி சொல்லிச் சிரித்தார். நான்காம் நாள் காலையில் போனபோது, ஆள் வெறும் ஊசியைத் தன் தொடையில் குத்திக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

"என்னண்ணே இது?"

"அதுக்கு எம்புட்டு வலிக்கும்னு தெரியணும்ல" என்றார்.

அன்றைக்கு அவரே மலைச்சிக்குப் போட்டார். பூனை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரிய அட்டை ஒன்றில் 'காலை ஆறு, மாலை ஆறு. தவறவே கூடாது' என்று சிவப்பு மையில் எழுதி அடுப்படிச் சுவரில் நானே ஒட்டினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அட்டையில் இன்னும் ஒரு வரிக்கு இடமும் இருந்தது. சாப்பிட்ட பிறகு என்பதை எழுத எனக்குத் தோன்றவில்லை. பூனை சாப்பிடாமல் இருக்கும் என்று யார் நினைத்தார்கள்?

மூன்று வாரத்தில் எறும்பு குறைந்தது. மலைச்சி பழையபடி சுவர் ஏறியது. அவருக்கோ நல்லது நடந்தாலும் பயம். "தண்ணி கம்மியாக் குடிக்கிறா. வேற எதுவும் வந்துருச்சோ?" என்பார். அந்தப் பயத்தில்தான் வேண்டிக்கொண்டார்.

கார்த்திகை பிறந்தால் எங்கள் ஊர் வழியாகச் சாமிமார்கள் சாரைசாரையாகச் சபரிமலைக்குப் போவார்கள். பக்கத்திலேயே இருந்தும் அவர் ஒரு தடவைகூடப் போனதில்லை. கூட்டத்துக்குப் பயம், காட்டுக்குப் பயம், விரதத்தில் தவறிவிடுமோ என்று பயம். அந்தக் கார்த்திகை முதல் தேதி மலைச்சிக்காக மாலை போட்டுவிட்டார். கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக அவரைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. "கன்னிச்சாமி, புலி வந்தா என்ன செய்வீக?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

மாலை போட்ட வீட்டில் கவிச்சி புழங்கக் கூடாது. கருவாட்டுப் பானை கழுவிக் கவிழ்த்தாயிற்று. மலைச்சிக்குத் தயிர்ச்சோறு, பால்சோறு. முதல் இரண்டு நாள் அது மோந்து பார்த்துவிட்டு மதினியின் முகத்தைப் பார்த்தது. பிறகு பாலை மட்டும் நக்கியது. பிறகு அதையும் விட்டது. அட்டை மட்டும் சுவரிலேயே இருந்தது. காலை ஆறு, மாலை ஆறு. அவர் ஒரு வேளைகூடத் தவறவில்லை. அந்த ஒன்பது நாளும் நான் லேபுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டுதான் இருந்தேன். பூனை என்ன தின்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். தெருவைக் கடந்து அவர் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கையில் மலைச்சி ஈரத்துணி மாதிரி தொங்கியது. கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. பின்னங்கால் ஒன்று வெட்டி வெட்டி இழுத்தது.

"நடந்து வந்தா, அப்பிடியே சரிஞ்சுட்டா தாயி. ஆறு மணிக்குச் சரியாப் போட்டேன். நிமிசம்கூடத் தப்பல."

"என்ன தின்னுச்சு?"

"முந்தாநாளு கொஞ்சம் பாலு."

அப்போதுதான் அந்த அட்டை என் கண் முன்னால் வந்தது.  மருந்தைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு எங்கள் லேபுக்கு வந்து சுருண்டு விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே ஓடிச் சீனியைக் கரைத்துக் கொண்டு வந்தேன். "ஈறுல தடவுங்கண்ணே."

அவர் பின்னால் நகர்ந்தார். "சீனியா? சீனியக் கண்ணுல காட்டக் கூடாதுன்னாகளே."

"இப்ப அதுதான் மருந்து. இல்லைன்னா செத்துப் போகும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றுவரை மறக்க முடியவில்லை. அந்த அட்டையை எழுதியவளும் நான்தான், இதைச் சொல்பவளும் நான்தான். என்னை எதை வைத்து நம்புவது? விரலைக் கரைசலில் முக்கினார். அந்த விரல் ஆடிய ஆட்டத்தில் பாதி தரையில் சிந்தியது. மறுபடி முக்கி, பல்லுக்கு மேலே ஈறில் தடவினார். மறுபடி, மறுபடி. "சாமியே, சாமியே" என்று வாய் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் கழித்து மலைச்சியின் நாக்கு வெளியே வந்து அவர் விரலைத் தொட்டது.

டாக்டரம்மாவிடம் போயாக வேண்டும். பூனையை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்சீட்டில் உட்கார்ந்து ஈறில் தடவிக்கொண்டே வந்தேன். முதல் வளைவு வந்தது. வண்டி நின்றது. மூன்று ஹாரன். கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"போங்கண்ணே, யாரும் வரல" என்று கத்தினேன்.

"இப்பத்தான் தாயி பயம் வேணும்" என்றார்.

ஒவ்வொரு வளைவிலும் அப்படித்தான். மடியில் அதன் மூச்சு சில சமயம் எனக்குத் தெரியவே தெரியாது. அப்போது அவரை நான் வெறுத்தேன். எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அத்தனை வளைவும் காலியாகத்தான் கிடந்தன. அவர் ஒன்றைக்கூட விடவில்லை. ஆனால் ஸ்டியரிங்கில் இருந்த கை ஆடவில்லை என்பதை இறங்கும்போதுதான் கவனித்தேன்.

டாக்டரம்மா பூனைக்கு மருந்து ஏற்றிவிட்டு, "மீனெவிடே?" என்று கேட்டார். மீன் எங்கே என்று அவர் கேட்டது புரிந்ததும் இவர் கழுத்து மாலையைத் தொட்டுக் காட்டினார்.  அந்தம்மா தமிழில் மெதுவாகச் சொன்னார். பூனைக்குக் கவிச்சிதான் சோறு. அது தின்றால்தான் ஊசி. தின்னாமல் ஊசி போட்டால் இன்னொரு தடவை பிழைக்காது.

என் வீட்டில் மீன் வைக்கிறேன் என்று கூட்டிப்போனேன். மலைச்சி கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டு இரண்டு நாள் வெளியே வரவில்லை. அந்த இரண்டு நாளும் பயந்து பயந்து ஊசியை நிறுத்தி வைத்தோம். எறும்பு திரும்பி வந்தது. போட்டாலும் சாவு, போடாவிட்டாலும் சாவு என்று அவர் என் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். மாலையைக் கழற்றலாமா என்று யாரும் கேட்கவில்லை. நடுவில் கழற்றினால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் ஆளுக்கொரு கதை உண்டு. எல்லாக் கதையிலும் கடைசியில் ஒரு வண்டி பள்ளத்தில் கிடக்கும்.

மதினிதான் பேசினார். "புலி மேல ஏறி வந்த சாமிங்க அவரு. பூன என்ன திங்கும்னு அவருக்குத் தெரியாதா?"

 அவர் எழுந்து குளித்துவிட்டு, மாலை போட்டுவிட்ட குருசாமியிடம் போனார். குருசாமி மறுத்திருக்கிறார், திட்டியிருக்கிறார், கடைசியில் கேட்டுவிட்டு அவரே கழற்றிக் கொடுத்திருக்கிறார். திரும்பி வந்தவர் மாலையை அட்டைக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினார். நான் எழுதியதற்கு மேலே, கோணல் எழுத்தில், 'தின்ன பிறகு' என்று எழுதினார். அன்று சாயந்தரம் கருவாட்டுப் பானை அடுப்பேறியது. மலைச்சி தின்று முடித்து வாயை நக்கும் வரை, ஊசியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே குந்தியிருந்தார்.

அத்தோடு முடிந்திருந்தால் அவர் வேறு ஆள். மறுநாள் காலை வண்டியை இரண்டு முறை சுற்றி வந்தார். காத்து நின்ற பெண்களிடம், "வேற வண்டியப் பாருங்க ஆத்தா" என்றார். தை பிறக்கும் வரை அவர் ஆள் ஏற்றவில்லை. ஏலக்காய்ப் பறிப்பு மும்முரமான மாதங்கள் அவை. உர மூட்டையும் காலிச் சாக்கும் மட்டும் ஏற்றிக்கொண்டு தனியாகப் போய் வந்தார்.

"எதுக்குண்ணே இப்பிடி?" என்று கேட்டேன். கேலியாக இல்லை, அதற்குள் எனக்கும் கொஞ்சம் புத்தி வந்திருந்தது.

"சாமிக்குக் கோவம்னா எம்மேலதான் இருக்கணும். ஏறுற பொம்பளைக என்ன செஞ்சாக?"

தினமும் ஆறு மணிக்கு ஹாரன் கேட்கும்வரை மதினி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருப்பார். சுவரில் மலைச்சி. மாடியில் நான். அந்த மாதங்களில் அந்தத் தெருவில் அவரைவிடப் பயந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்.

ஒன்றும் நடக்கவில்லை. தை பிறந்தது, பெண்கள் திரும்பவும் ஏறினார்கள். அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணமாகித் தேனிக்கு வந்துவிட்டேன்.

மூன்று நான்கு வருஷம் கழித்துத் தேனி பஸ் ஸ்டாண்டில் மதினியைப் பார்த்தேன். கல்யாண வீட்டுக்கு வந்திருந்தார். மலைச்சி பங்குனியில் போய்விட்டதாம். நோயில் இல்லை, வயசாகி, ஜீப் சீட்டிலேயே தூங்கியபடி.

"அண்ணன் வண்டி ஓட்டுறாகளா?"

"ஓட்டுறாக."

"பயம்?"

"அது எங்கிட்டுப் போகும்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "சாயந்தரம் வந்தாகன்னா வண்டிய விட்டு எறங்குறதில்ல தங்கச்சி. ஸ்டியரிங்கப் பிடிச்சபடி அந்தச் சொவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாக. நாலு நாள் உள்ள இருந்தே பாத்தேன். அஞ்சாம் நாள் போயி கதவத் தொறந்து கைய நீட்டுனேன். கல்யாணமாயி இருவத்தாறு வருசம். அவுக கை ஆடும்னு தெரியும். இம்புட்டு ஆடும்னு தெரியாது."

"பெறகு?"

"பெறகென்ன. நிக்கிற வரைக்கும் பிடிச்சிருப்பேன். மொதல்ல அது, பெறகுதான் காப்பி."

கம்பம் பஸ் வந்தது. முதல் பஸ்ஸில் கூட்டமாக இருக்கிறது, அடுத்ததில் உட்கார்ந்து போகலாமே என்றேன். மதினி தோளில் இருந்த பையை இழுத்துப் பிடித்துக்கொண்டு படியில் கால் வைத்தார்.

"இல்ல தங்கச்சி. ஆறு மணிக்குள்ள போயிரணும்."